இடியாப்ப மாவுக்குள் இருந்த அத்தர்

போன வருஷம் மழை விட்டுச் சில வாரங்கள் ஆகியிருந்த நேரம். நானும் என் மனைவியும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகக் கிளம்பினோம். மும்பை விமான நிலையத்தில், பெட்டியை எடை போடுகிற இடத்தில் நடந்தது இது.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீடு தாராவியில். கீழே பெல்ட் தைக்கிற பட்டறை, மேலே குடியிருப்பு. நான் ஐந்தாவது வரை படித்தவன். விமானத்தைத் தினமும் வானத்தில் பார்ப்போம். ஏறியது கிடையாது.

உம்ரா என் மனைவியின் ஆசை. அவளுக்கு முழங்காலில் நோவு. ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால், நடக்க முடிகிறபோதே கஃபாவைச் சுற்றிவிட வேண்டும் என்பாள். அவள் கேட்டு நான் செய்தது குறைவு. இதைச் செய்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உம்ராவோ ஹஜ்ஜோ போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் வீடு வீடாகப் போவார்கள். தெரிந்தோ தெரியாமலோ மனசு நோகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள். அந்த வீட்டுக்காரர்களும் பொறுத்துக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போதே கையில் ஏதாவது பொட்டலத்தைக் கொடுத்துவிடுவார்கள். அங்கே வேலை பார்க்கிற மகனுக்கு, மருமகனுக்கு, தம்பிக்கு. இப்போதுதான் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். உடனே எப்படி முடியாது என்பது? வாங்கிக்கொள்வோம். பிரித்துப் பார்க்க மாட்டோம். பிரித்தால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

பக்கத்து வீட்டில் ஒரு லாத்தா இருக்கிறார். மூத்தவர்களை நாங்கள் அக்கா என்பதற்குப் பதில் லாத்தா என்போம். அவருக்கும் எங்களுக்கும் ஒரு மனத்தாங்கல். எங்கள் பட்டறைக் குழாயிலிருந்து அவர் வீட்டுச் சுவரில் ஈரம் இறங்கியது. அதில் வாய்ச்சண்டை வளர்ந்தது. பிறகு பேச்சே நின்றுபோனது. குழாயைச் சரிசெய்த பிறகும் பேச்சு வரவில்லை.

அவர் வீட்டுக்கும் போனோம். வாசலில் நின்று கேட்டேன். லாத்தா அழுதுவிட்டார்.

"ஒங்கள நான் என்னத்தப் பொறுக்க? எனக்குத்தான் வாயி நீளம். நீங்கதான் என்னப் பொறுக்கணும்" என்றார்.

டீ கொடுத்தார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கிளம்பும்போது ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவைத் துணியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மகன் ஜித்தாவில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறான்.

"வறுத்த இடியாப்ப மாவு தம்பி. எம்மவனுக்கு இத மட்டும் கொண்டு சேத்திருங்க. வேற ஆளுன்னா நான் நம்பிக் குடுக்க மாட்டேன்."

வாங்கிக்கொண்டேன். பெட்டிக்கு நடுவில், துணிகளுக்கு இடையில் வைத்துக் கட்டினாள் என் மனைவி.

தங்கச்சி மகன் எங்களைக் காலையில் விமான நிலையத்தில் இறக்கிவிட்டான். எங்கள் குரூப்பைக் கூட்டிப்போகிற ஹஜ்ரத் முன்னாலேயே வந்து நின்றார். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பவர் பேங்க் பெட்டிக்குள் இருந்தால் எடுத்துவிடுங்கள், பேட்டரி எதுவும் பெட்டிக்குள் போகக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எங்களிடம் பவர் பேங்க் கிடையாது. பேட்டரி என்று இருந்தது என் செல்போனில் மட்டும்தான். அப்படித்தான் நினைத்தேன்.

பெட்டியை எடை போட்டார்கள். அதிகம். ஓரமாகப் போய்க் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள்.

ஓரத்தில் எங்களைப் போலப் பல பேர் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே கோட்டு போட்டு நடக்கிறவர்களும் அங்கே வந்தால் எங்களைப் போலத்தான். புடவை, சட்டை, பிஸ்கட் எல்லாம் தரையில் கிடந்தன. நான் உட்கார்ந்தேன். என் மனைவிக்குக் கீழே உட்கார முடியாது. டிராலி மேல் உட்கார்ந்துகொண்டு எதை எடுக்கலாம் என்று சொன்னாள்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அப்பளக் கட்டு, ஊறுகாய், சாம்பார்பொடி எல்லாம் தரையில் இருந்தன. நாங்கள் பேசுவதைக் கேட்டு அவளாகவே பேசினாள்.

"உங்களுக்கும் ஜாஸ்தியா அங்கிள்? எனக்கு ரெண்டு கிலோ. எங்கம்மா பெட்டியை வெயிட் பாக்கமாட்டா. இடம் இருக்கான்னுதான் பாப்பா."

செம்பூரில் வீடாம். சிங்கப்பூரில் இருக்கிற அக்காவைப் பார்க்கப் போகிறாளாம். என் மனைவிக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஊறுகாயை எடுத்துவிடு, அப்பளம் எடை இல்லை, வைத்துக்கொள் என்று அவளுக்கும் சேர்த்து யோசனை சொன்னாள்.

எங்கள் பெட்டியில் எதை எடுப்பது? எல்லாம் மற்றவர்கள் பொருள். கொடுத்தவர்கள் முகம் ஒவ்வொன்றிலும் தெரிந்தது.

"லாத்தா டப்பாவே ஒரு கிலோ இருக்கும் போலுக்கே. மாவ மட்டும் கவர்ல கொட்டுங்க. டப்பாவத் தங்கச்சி மவன்ட்ட குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவோம். அவன் வெளியதான் நிப்பான்" என்றாள் என் மனைவி.

அது சரிதான் என்று பட்டது. பெரிய பிளாஸ்டிக் கவரை விரித்து மாவைக் கொட்டினேன். பாதி மாவு விழுந்ததும் கூடவே ஒரு பொருள் விழுந்தது. பிளாஸ்டிக் காகிதம் சுற்றிய சின்ன அட்டைப்பெட்டி.

மாவைத் தட்டிவிட்டுத் திறந்தேன். கறுப்பாக, பேனா போல ஒன்று இருந்தது. பக்கத்திலேயே சுண்டுவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் தேன் நிறத்தில் எண்ணெய். அட்டையில் பச்சை இலைப் படம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ்.

என் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அத்தருங்க! ஊது அத்தர் இந்த நெறத்துலதான் இருக்கும். நமக்குன்னு லாத்தா சொல்லாம வச்சிருக்காவ. அவுகளப் போயி நாம என்னெல்லாம் நெனச்சோம்!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உம்ரா போகிறவர்களுக்கு அத்தர் கொடுப்பது எங்களில் சாதாரணம். இஹ்ராம் என்று வெள்ளைத் துணி உடுத்துவோம். உடுத்திய பிறகு வாசனை கூடாது. அதற்கு முன்னால் ஆண்கள் பூசிக்கொள்ளலாம். அதற்காகத்தான் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவள் குழாயை மூக்கருகில் கொண்டுபோனாள். மூடி திறக்கவில்லை. பேனாவில் மரை இருந்தது. குழாயை அதில் திருகினாள், பொருந்திவிட்டது. பக்கத்தில் ஒரு பட்டன். அமுக்கினாள். நுனியில் வெளிச்சம் வந்தது.

"பட்டன் வச்ச அத்தர்லாம் வந்துட்டு பாருங்க" என்று சிரித்தாள்.

நான் வாங்கி அட்டைப்பெட்டியோடு ஜுப்பா பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே போய் இஹ்ராம் கட்டுவதற்கு முன்னால் பூசிக்கொள்ளலாம் என்று. மீதி மாவையும் கொட்டிக் கவரைக் கட்டிப் பெட்டியில் வைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் அந்தச் செம்பூர்ப் பெண் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அங்கிள், அதைக் கொஞ்சம் காட்டுங்கோ."

எடுத்து நீட்டினேன். அவள் கையில் வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் பிடித்திருக்க, அட்டையில் இருந்ததைக் குனிந்து படித்தாள்.

"இது அத்தர் இல்லை அங்கிள். வேப். புகை இழுக்கறது. எங்க ஆபீஸ் பசங்க கீழே நின்னு இழுப்பா. அது வெறும் சிகரெட் மாதிரி. இது அதுவும் இல்லை. இந்த இலை என்னன்னு தெரியறதா?"

தெரியவில்லை என்றேன்.

"கஞ்சா குடும்பம்" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். சில நாடுகளில் இதைக் கடையிலேயே விற்கிறார்களாம். போதை இல்லாத வகை என்றும் சொல்கிறார்களாம். ஆனால் ஓரிடத்தில் கடையில் விற்கிறது என்பதற்காக விமானத்தில் வேறு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாதாம். நம் நாட்டில் இந்தப் பேனாவை விற்பதற்கே தடை. உள்ளே இருக்கிற எண்ணெய் அதைவிட மோசம். பெட்டிக்குள்ளேயே இருந்திருந்தால் பேட்டரி மெஷினில் தெரிந்து பெட்டியைப் பிரித்திருப்பார்கள். பிரிக்காமல் போயிருந்தால் அங்கே இறங்கியதும் பிரிப்பார்கள்.

"நீங்க போறது எந்த ஊர்னு யோசிங்கோ அங்கிள்" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. போதைப் பொருளோடு அகப்பட்டால் அந்த நாட்டில் என்ன செய்வார்கள் என்று எங்கள் சந்தில் பிள்ளைகளுக்கும் தெரியும்.

என் மனைவி தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஹஜ்ரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு வியர்த்துவிட்டது. இத்தனை பேரைக் கூட்டிப்போகிறவர். ஒருவனால் எல்லாரையும் நிறுத்திவிடுவார்களே என்ற பயம்.

"பாத்ரூம்ல போட்டுட்டுப் பேசாம வாங்க பாய். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"மேலே பூரா கேமரா" என்றாள் அந்தப் பெண். "போட்டுட்டு வந்தா ஒளிச்ச மாதிரி ஆயிடும்."

தங்கச்சி மகன் வெளியே இருக்கிறான், அவனிடம் கொடுத்துவிடலாம் என்று ஹஜ்ரத் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. வழியில் அவனைப் பிடித்தால் அவன் என்ன சொல்லுவான்? பாத்ரூமில் போட்டாலும் அப்படித்தான். துடைக்கிறவர் எடுப்பார். அவரும் என்னைப் போலத்தான், அது என்னவென்று தெரியாமல் பையில் போட்டுக்கொள்வார். வீட்டுக்குப் போகிற வழியில் அவரைப் பிடிப்பார்கள்.

போலீசிடம் நானே கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

ஹஜ்ரத் தலையில் கைவைத்துக்கொண்டார். "நீங்க போனா வருவீங்களா பாய்? உங்க வீட்டம்மாவ நெனச்சுப் பாருங்க" என்றார்.

அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பயணம் போய்விட்டால் அடுத்த வருஷம் அவளால் நடக்க முடியுமா என்று தெரியாது. அவள் டிராலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நடங்க. நானும் வாரேன்" என்றாள்.

அந்தப் பெண்ணும் கூட வந்தாள். உனக்கு விமானத்துக்கு நேரமாகும் தாயி, நீ போ என்றேன். "இருக்கு அங்கிள்" என்றாள். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

யூனிபார்ம் போட்ட அதிகாரி ஒருவரிடம் போய் அட்டைப்பெட்டியை நீட்டினேன். இது எங்கள் பெட்டியில் இருந்தது, என்னவென்று தெரியாமல் எடுத்துவந்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்த பம்பாய் ஹிந்தியில் சொன்னேன். அவர் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். எங்களை ஒரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பெரிய அதிகாரி ஒருவர் இருந்தார். மராத்திக்காரர். மீசை நரைத்தவர்.

யாருடையது என்று கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா மகனுக்குக் கொடுத்த மாவு, அதற்குள் இருந்தது என்றேன். மாவுக்குள் ஏன் இருந்தது என்றார். தெரியாது என்றேன். வாங்கும்போது ஏன் பிரித்துப் பார்க்கவில்லை என்றார். அதற்குப் பதில் இருந்தது. ஆனால் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வீடு வீடாகப் போகிற வழக்கத்தை அந்த அறையில் நின்று எப்படிச் சொல்வது? பார்க்கவில்லை, என் தப்புதான் என்றேன்.

"எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்" என்றார்.

அந்த அக்காவுக்குப் போன் போடு என்றார். போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. கூட வந்திருந்த செம்பூர்ப் பெண்ணைக் காட்டி, இவள் கேட்பாள், இவளே எனக்கு ஹிந்தியில் சொல்லுவாள் என்றார்.

லாத்தா எடுத்தார்.

"தம்பி! பிளேன்ல ஏறிட்டியளா? எரைச்சலே கேக்கலியே!"

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"மாமி, நான் ஏர்போர்ட்லேர்ந்து பேசறேன்" என்றாள் அந்தப் பெண். "மாவு டப்பாக்குள்ள பேனா மாதிரி ஒண்ணு வெச்சிருந்தேளே, அது என்ன?"

"நீ யாரு தாயி? பிளேன்ல வேல பாக்கிற பிள்ளையா? அது பேனா இல்ல. எம்மவனுக்குக் கழுத்து வலி. ராத்திரி தூங்க மாட்டேங்கான். மூலிகை மருந்தாம். உறிஞ்சணுமாம். அவனே போன்ல ஆர்டர் போட்டு நம்ம வீட்டுக்கு வரவழச்சான்."

"அதை ஏன் மாவுக்குள்ள ஒளிச்சு வெச்சேள்?"

"ஒளிக்கவா?" லாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணாடில்லா! பொட்டியத் தூக்கிப் போட்டு மிதிப்பானுவன்னு சொன்னாவ. மாவுக்குள்ள வச்சா முட்டகூட ஒடையாது. நீ சமையக்கட்டுக்குப் போனதில்லியாக்கும்?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றையும் ஹிந்தியில் சொன்னாள். கடைசியில் இருந்ததையும் விடாமல் சொன்னாள். பெரிய அதிகாரி மீசையைத் தடவினார். அது போதைப் பொருள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா, கேள் என்றார்.

கேட்டாள். லாத்தாவின் குரல் மாறிப்போய் வந்தது.

"பக்கத்துல யாரு நிக்கா? போலீசா?"

"ஆமா மாமி."

"அல்லாவே! தாயி, அவுககிட்ட சொல்லு. தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. அவருக்குப் பேசவே வராது. நான் வாரேன். இப்பமே ஆட்டோ புடிச்சு வாரேன். என்னப் புடிச்சு வச்சுக்கிட்டு அவுக ரெண்டு பேரையும் அனுப்பச் சொல்லு. அந்தப் பிள்ளைக்கு முழங்கால் நோவு. ரொம்ப நேரம் நிக்க முடியாது. உக்காரவாச்சும் சொல்லு தாயி."

இதை அந்தப் பெண் ஹிந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

பெரிய அதிகாரி எழுந்து தன் நாற்காலியை இழுத்து என் மனைவியின் பக்கம் தள்ளினார். அவள் உட்கார்ந்தாள்.

பிறகு போனை அவரே வாங்கி, வர வேண்டாம், வீட்டிலேயே இருங்கள், கூப்பிட்டால் பேசுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். அந்தப் பொருளில் ஒரு சொட்டு எடுத்து ஏதோ சோதனை செய்தார்கள். மறுபடி யாருக்கோ போன் பேசினார்கள். எங்கள் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தார்கள். கருவாடு, வத்தல், ஒரு குழந்தையின் கொலுசு, கண் சொட்டு மருந்து. வேறு ஒன்றும் இல்லை. அட்டைப்பெட்டியைக் கவரில் போட்டு ஒட்டினார்கள். நடந்ததை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். திரும்பி வந்த பிறகு விசாரிக்கக் கூப்பிட்டால் வரவேண்டும் என்றார்கள். வருகிறேன் என்றேன். இதுவரை கூப்பிடவில்லை.

அனுப்பும்போது பெரிய அதிகாரி சொன்னார்: "நீயாக வந்தாய். எங்கள் மெஷின் இதைக் கண்டுபிடித்திருந்தால் உன்னிடம் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்."

அந்தப் பெண்ணின் விமானத்துக்குக் கவுண்டர் மூடுகிற நேரம் ஆகியிருந்தது. அதிகாரி ஒரு ஆளைக் கூட அனுப்பினார். அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். கொஞ்ச தூரம் ஓடித் திரும்பிப் பார்த்து, "மாமி, உள்ளே போனதும் வீல்சேர் கேளுங்கோ, ஃப்ரீதான்!" என்று என் மனைவியிடம் கத்தினாள். பேர்கூடக் கேட்கவில்லை. மக்காவில் என் பிள்ளைகள் பேரைச் சொல்லிக் கேட்டதெல்லாம் செம்பூர்ப் பிள்ளைக்கும் என்று சேர்த்துச் சொன்னேன். இறைவனுக்கு அடையாளம் தெரியும்.

நாங்கள் விமானத்தில் கடைசியாக ஏறினோம். ஹஜ்ரத் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாத்ரூம் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜித்தாவில் இறங்கிப் பெட்டியை எடுத்தோம். வெளியே வருகிற இடத்தில் எங்கள் பெட்டியை நிறுத்தித் திறக்கச் சொன்னார்கள். மாவுக் கவர் மேலாகவே இருந்தது. அங்கே இருந்தவர் கையுறை போட்டுக்கொண்டார். கவரை அவிழ்த்தார். மணிக்கட்டு முங்குகிற அளவுக்கு மாவுக்குள் கையை விட்டார். அடிவரைக்கும் துழாவினார். கை வெறும் மாவோடு வெளியே வந்தது. என்ன இது என்று சைகையில் கேட்டார். சாப்பிடுகிறது என்று நானும் சைகையில் சொன்னேன். போகச் சொல்லிவிட்டார்.

என் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த தடம் மறுநாளும் இருந்தது.

லாத்தாவின் மகன் மக்காவுக்கு எங்களைப் பார்க்க வந்தான். நாங்கள் தங்கியிருந்த ஓட்டல் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் உம்மா போனில் அவனை என்ன சொன்னார் என்று கேட்கத் தேவையில்லை, முகத்தில் இருந்தது.

"வலிக்கு மருந்துன்னுதான் மாமா விக்கிறவன் போன்ல போட்டிருந்தான். எல்லா நாட்டுலயும் செல்லும்னு எழுதியிருந்தான். நான் கூட்டாளிங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்றான்.

முழுசும் உண்மையா என்று நான் துருவவில்லை. மாவைக் கொடுத்தேன். கழுத்தைக் காட்டச் சொன்னேன். நாள் முழுக்கக் குனிந்து காய்கறி நறுக்குகிற வேலை. கழுத்து ஒரு பக்கம் கல்லாக இருந்தது. வலி உண்மைதான். ஆஸ்பத்திரிக்குப் போ, முதலாளி விடவில்லையென்றால் சொல், ஹஜ்ரத்திடம் சொல்லிப் பேசச் சொல்கிறேன் என்றேன். போனான். இப்போது கழுத்துக்குப் பயிற்சி செய்கிறானாம். உயரமான மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம்.

என் மனைவி கஃபாவை ஏழு சுற்றும் சுற்றினாள். வீல்சேர் வேண்டாம் என்றுவிட்டாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். ஏழாவது சுற்று முடிந்ததும் ஒரு தூண் அருகில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நல்லாயிருக்கா என்று கேட்டேன். "நல்லாயிருக்கு" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை.

ஊருக்குத் திரும்பிய அன்று லாத்தா சந்து முனையிலேயே நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுபடியும் பழைய மாதிரி பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்தேன். என் மனைவி போய், "லாத்தா, நாற்காலி போட்டாவ. நான் நிக்கவே இல்ல" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். நான் பெட்டியை மேலே ஏற்றப் போய்விட்டேன்.

சில மாதம் கழித்து எங்கள் சந்தில் ஒரு வீட்டுப் பையன் துபாய்க்குக் கிளம்பினான். பொட்டலம் கொடுக்கிறவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். லாத்தாவும் போனார். சும்மா போகவில்லை. வாசலில் பேப்பரை விரித்தார். கொண்டுபோன முறுக்கு, பருப்புப்பொடி, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் அதில் பரப்பினார்.

"பாத்துக்கடே. முறுக்க ஒடச்சுக்கூட பாரு. பொடியில கைய விட்டுப் பாரு. பாத்துட்டு நீயே கட்டு" என்றார் சந்துக்கே கேட்கிற மாதிரி.

அவருக்குப் பின்னால் பொட்டலத்தோடு நின்ற இரண்டு பேர் முழித்தார்கள். பிறகு அவர்களும் பிரித்தார்கள். ஒருவர் பொட்டலத்தில் லைட்டர் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எடுத்து வைத்துவிட்டுக் கட்டினார்கள். இப்போது எங்கள் சந்தில் யார் விமானம் ஏறினாலும் இப்படித்தான். யாரும் முகம் சுளிப்பது இல்லை.

அடுத்தவர் பொட்டலத்தைப் பிரித்தால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். நம்பாதவர்களிடம் நாம் பொட்டலமே வாங்குவதில்லை; பிரித்துக் காட்டுங்கள் என்று கூசாமல் கேட்க முடிவது நம்புகிறவர்களிடம் மட்டும்தான் என்று இப்போது தெரிகிறது.